சீரில் வந்த கம்ப்யூட்டர்

அக்டோபர் 8, சனி

இல்லை, ஃபைல்களை மட்டும் இழுத்து வேறொரு டிஸ்க்கில் போட்டால் போதாது. என் வீட்டுக்காரர் பதிவு செய்து வைத்திருக்கும் தவளைச் சத்தங்கள் வந்துவிடும். எந்தக் குளம், என்ன மாதம், மழை நின்று எவ்வளவு நேரம், எந்தத் தவளை என்ற குறிப்புகள் எல்லாம் ஒரு பழைய சாஃப்ட்வேருக்குள் இருக்கின்றன. அதைத் திரும்ப ஏற்றும் சிடி எங்கே போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குறிப்பு இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் இரைச்சல். ஆகவே டிஸ்க் முழுவதையும், இருக்கிற இருப்பிலேயே, ஓர் இமேஜாக எடுக்க வேண்டும். அதை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கினால் அதே திரை வரும். அதே ஐகான்கள். அதே குளங்கள்.

இதைத்தான் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அதுக்கு எத்தன நாளாவும்?"

"நல்ல சாஃப்ட்வேரா பாக்கணும்ப்பா. இலவசமா நெறைய இருக்கு. எத நம்பலாம்னு தெரியணும்லா."

"பாரு. தீவாளிக்குள்ள முடிச்சிரு. வண்டிக்காரன்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

டிஸ்க்கும் பழையது. கொஞ்ச நாளாக உள்ளே ஒரு சத்தம்.

அக்டோபர் 9, ஞாயிறு

போன ஞாயிறு நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நாங்கள் இருக்கும் இந்த அம்பாசமுத்திரம் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை என்று அவருடைய அம்மா, அத்தை, ஆரம்பித்தாள். பரிசோதனையெல்லாம் பார்த்தாச்சு என்றாள். பார்த்தது என்னை மட்டும். அவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. அவருடைய அக்கா வடிவு மதினி அவருக்கு வேறொரு பெண் பார்ப்பது பற்றிக் கோவிலில் பேசியது அப்பாவின் காதுக்கு வந்திருந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. "எம் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன். குடுத்த சீரு ஒரு கரண்டி கொறையாம வரணும்" என்றார்.

குத்துவிளக்கு. பித்தளைக் குடம். பீரோ. கட்டில். கிரைண்டர். சித்தப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அத்தை "இருக்கு, இருக்கு" என்றாள். கடைசியில் கம்ப்யூட்டர். மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம், எனக்குக் கம்ப்யூட்டர் போதும் என்று அன்று நான்தான் அடம்பிடித்தேன். எம்.ஃபில். முடிக்க வேண்டியிருந்தது. முடித்தேன். அதன்பிறகு அது அவருடையதாகிவிட்டது.

கம்ப்யூட்டர் என்றதும் அவர் நிமிர்ந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். மழை விட்ட சாயங்காலங்களில் குளங்குளமாகப் போய்த் தவளைக் குரல்களைப் பதிவு செய்கிறவர். ஒரு தவளைக்காகச் சேற்றில் அசையாமல் அரை மணி உட்காரத் தெரிந்தவர். "சரி" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

"உள்ள தம்பியோட படிப்பு விசயம் இருக்குமே" என்று யாரோ சொன்னார்கள்.

"காப்பி எடுத்துக்கிடட்டும். பொட்டி எங்களது. பொட்டிக்குள்ள இருக்க சாமானும் எங்களது" என்றார் அப்பா.

"நான் எடுத்துக் குடுத்துட்டு வாரேன்" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

அவர் பெயர் நல்லசிவன். இந்த வீட்டில் வாயால் சொன்னதில்லை. இங்கே எழுதலாம்.

வண்டி வருவதற்குள் அவர் ஏதாவது சொல்லக்கூடும். சொல்லாமலும் இருக்கலாம். எப்படியும் டிஸ்க் தாங்காது, நல்ல சாஃப்ட்வேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அக்டோபர் 11, செவ்வாய்

முதலாவது. அழகான திரை. பெரிய பெரிய பொத்தான்கள். நிறுவி, ஒரு சின்ன ஃபோல்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். மளமளவென்று எடுத்தது. எடுத்ததைத் திரும்ப இறக்கப் போனபோதுதான் ஒரு கட்டம் வந்தது. எடுக்க இலவசம், இறக்கக் காசு.

நீக்கிவிட்டேன்.

மத்தியானம் தோசைக்கு அரைத்தேன். நாலு நாளைக்கு வரும்.

அக்டோபர் 12, புதன்

இரண்டாவது என் மெயில் ஐடியைக் கேட்டது. கொடுத்தேன். குடும்பத்துக்கு நல்வரவு என்று பதில் அனுப்பியிருக்கிறது.

அக்டோபர் 15, சனி

பஜாரில் ஜாகிரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். இருவரும். அவர் பின்னால் நின்றார், நான் பேசினேன். வெளியே செருகும் டிஸ்க் ஒன்று. அப்புறம், எங்களுடையதைப் போலவே அதே மாடலில் பழைய பெட்டி ஒன்று. வேறு மாடலாக இருந்தால் இமேஜை இறக்கிய பிறகு கிளம்பாமல் மக்கர் பண்ணும் என்று படித்திருந்தேன்.

"அதே மாடலுதான் வேணுமாக்கா? இதவிட நல்லதா கெடக்கே."

"அதேதான் வேணும்."

"ஒரே வீட்டுல ஒரே மாதிரி ரெண்டு. சண்ட வராம ஆளுக்கொண்ணா?"

"ஆமா."

"குடுத்து வச்ச ஆளுக்கா நீங்க. எங்க வீட்டுல ரிமோட்டுக்கே வெட்டு குத்து." அவரைப் பார்த்துச் சிரித்தான். "சார் பேசவே மாட்டேங்காரே. எல்லா டிபார்ட்மெண்டும் அக்காதானா?"

அவரும் சிரித்தார். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே அதன் ஒரு மூலை.

அக்டோபர் 16, ஞாயிறு

இரண்டாவது சாஃப்ட்வேரை வைத்தே முழு டிஸ்க்கையும் எடுக்க ஆரம்பித்தேன். வானம் மூட்டமாக இருந்தது. நான் கொடியில் துணி எடுக்கப் போன நேரத்தில் ஒரு இடி. திரும்பி வந்தால் திரை கருப்பு. அத்தை பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இடி இடிக்குல்லா. அதான் உருவிட்டேன்."

"அத்த, எழுவது சதவீதம் முடிஞ்சிருந்தது."

"ஏளா, இடி விழுந்தா நூறு சதவீதமும் முடிஞ்சிரும்."

இந்த ஊரில் இடி என்றால் எல்லா வீட்டிலும் பிளக்கைத்தான் உருவுவார்கள். என்னிடம்தான் தப்பு. சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவர் வந்து பார்த்தார். "பரவால்ல. மறுபடி எடுத்துக்கிடலாம்" என்றார். நானும் "மறுபடி எடுத்துக்கிடலாம்" என்றேன். யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தேன்.

அக்டோபர் 19, புதன்

மறுபடி எடுத்தேன். பாதியில் நின்றது. மூன்றாவதைப் போட்டேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லையாம். அந்த இடம் வந்ததும் உள்ளே டிக், டிக், டிக். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சுழன்று அடங்குகிறது. மறுபடி டிக்.

பள்ளி விட்டு வந்தவரிடம் சொன்னேன். பையைக்கூட வைக்காமல் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ரெக்கார்டரை எடுத்துவந்து மைக்கைப் பெட்டிக்கு நேரே பிடித்தார். நான் மின்விசிறியை நிறுத்தினேன். சொல்லாமலே நிறுத்தினேன்.

"இத எதுக்கு எடுக்கீங்க?"

"தெரியல" என்றார்.

அப்பா போன். "என்னட்டி, ஒரு பொட்டியக் காப்பி எடுக்க ஒரு மாசமா? இங்கன முக்குக் கடைல ஒரு பய அஞ்சு நிமிசத்துல எடுத்துத் தாரேங்கான்."

"அவன் எடுக்கது வேற காப்பிப்பா."

"காப்பில என்னட்டி வேற காப்பி. டிகிரி காப்பியா?"

சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "அங்க ஒன்ன ஒழுங்கா வச்சிருக்காங்களா?" என்றார்.

அக்டோபர் 21, வெள்ளி

நாலாவதுதான் சரியாக வரும் என்று தோன்றுகிறது. யாரோ சில பேர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கிறார்கள். பட்டன் கிடையாது, மவுஸ் கிடையாது. பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்ப வேண்டும். கருப்புத் திரை. வெள்ளை எழுத்து. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் அடுத்ததற்குப் போகும்.

அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிலிருந்து எதற்கு என்று கேட்கிறது. இது முக்கியம், மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். எல்லாம் போய்விடும். விரலை எண்டர் மேல் வைத்து எடுத்துவிட்டேன்.

"நீங்க ஒருக்க பாருங்க."

"நீ பாத்தாச்சுல்லா."

"ரெண்டு பேரும் பாக்கணும்."

பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார்.

படிக்க முடியாத இடங்களை என்ன செய்ய? நின்றுவிடவா, விட்டுவிட்டு மேலே போகவா? விட்டுவிட்டுப் போனால் அந்த இடங்களில் வெறுமை இருக்கும். மற்றது எல்லாம் வந்துவிடும்.

"எதெது போவும்னு இப்பத் தெரியாதா?"

"தெரியாது. எடுத்தப் பெறவுதான்."

திரைப் பக்கம் குனிந்தார். தோள் என் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. "மேல போ" என்றார்.

நாளைக் காலையில் ஆரம்பிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். இன்றே ஆரம்பித்திருக்கலாம்.

அக்டோபர் 22, சனி

காலையில் ஆரம்பித்தது. சாயங்காலம்வரை ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி வாக்கில் பெருமழை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு விட்டது. விட்ட உடனே குளத்துப் பக்கமிருந்து தவளைச் சத்தங்கள் கிளம்பிவிட்டன, இந்த மழைக்காலத்தின் முதல் கூட்டம். அவர் டார்ச்சையும் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். குடை இரண்டு எடுத்திருந்தார்.

"மழ விட்டுருக்கு" என்றார்.

"ஆமா."

நின்றுகொண்டிருந்தார்.

"காப்பி ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன். "நடுவுல கரண்டு போனா மறுபடி மொதல்லேருந்து."

அத்தை உள்ளேயிருந்து சொன்னாள்: "நீ உக்காந்திருந்தா கரண்டு போவாதோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சதவீதத்தைப் பார்த்தேன். ஒரு குடையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

கரண்ட் போகவில்லை. முடிந்துவிட்டது.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி

அப்பாவிடம் புதன்கிழமைக்குள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அழுதாள்.

விடியுமுன் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தலையில் வைத்தாள். கை கனமாகத்தான் இருந்தது, எப்போதும் போல. குளித்துவிட்டு வந்தால் சாமி முன்னால் மூன்று ஜவுளி. மூன்றின் ஓரத்திலும் மஞ்சள். மூன்றாவது பச்சைச் சேலை.

"இது யாருக்கு அத்த?"

"புரட்டாசிலயே எடுத்தாச்சு. கடக்காரன் திருப்பி வாங்க மாட்டான். கட்டு."

கட்டினேன். அவர் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சேலை சீரில் வராது. எந்தப் பக்கம் சேரும் என்று தெரியவில்லை.

அக்டோபர் 26, புதன்

இமேஜைப் புதுப் பெட்டியில் இறக்கினேன். கிளம்பியது. அதே திரை. பாபநாசத்துக்குப் போனபோது அவர் எடுத்த படம், பாறைமேல் ஒரு தவளை.

இறக்கிப் பார்க்காத காப்பியைக் காப்பி என்று சொல்லக்கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இறங்கினால் மட்டும் போதாது, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டேன். அவர் பள்ளிக்கூடம் போயிருந்தார்.

முதல் வருஷத்துப் பதிவு ஒன்று. தவளைகள் ஓங்கி, அடங்கி, ஓங்கி. நடுவில் கண்ணாடி வளையல். பிறகு என் குரல், "கொசு புடுங்குது. போலாமா?" உடனே அவர், "ஷ்."

இன்னொன்று. தும்மல். "ஷ்."

இரண்டாம் வருஷம். மறுபடி வளையல். குறிப்புகளில் குறை என்று ஒரு பத்தி வைத்திருக்கிறார். வளையல். வளையல். பேச்சு. வளையல்.

மூன்றாம் வருஷத்திலிருந்து வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். "வெளக்கு வைக்கிற நேரத்துல மொட்டக் கையோட எங்கட்டி போற" என்று அத்தை திட்டுவாள். கழற்றிய வருஷங்களில் குறைப் பத்தியில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். மூச்சு.

படிக்க முடியாமல் போன இடங்கள் மூன்று பதிவுகளில் விழுந்திருக்கின்றன. ஒன்றில் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று எதுவுமில்லை. பிறகு நடுவிலிருந்து தொடர்கிறது. சாயங்காலம் அவரிடம் சொன்னேன். எந்தக் குளம் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க இப்பக் கல்யாண மண்டபம் கட்டிட்டான்."

"மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"ம்."

எங்கள் பேச்சு எதுவும் அழியவில்லை. அதையும் சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சம்பந்தமில்லை.

அக்டோபர் 27, வியாழன்

அப்பாவுக்குப் போன் செய்யவில்லை.

அக்டோபர் 28, வெள்ளி

சனிக்கிழமை மழையில் எடுத்ததை அவர் இன்று புதுப் பெட்டியில் ஏற்றினார். பழைய பெட்டியில் இல்லாத முதல் ஃபைல். குறிப்புகளைத் தட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தார்.

கேட்டேன். இலையிலிருந்து சொட்டுவது கேட்கிறது. ஒன்று ஆரம்பிக்கிறது, தள்ளி இன்னொன்று பதில் சொல்கிறது, பிறகு குளம் முழுக்க. எந்த இடத்திலும் யாரும் இல்லை. யாரும் குடையை மாற்றிப் பிடிக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இதான் இதுவரைக்கும் எடுத்ததுலயே சுத்தமா வந்திருக்கு" என்றார். உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். அதில் வேறு ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது.

குறைப் பத்தியைக் காலியாக விட்டிருந்தார்.

அடுப்பில் பால் இருந்தது. போய் அணைத்தேன்.

அக்டோபர் 29, சனி

புதிதாக ஒரு ஃபைல் சேர்ந்ததும் நான் எடுத்த இமேஜ் பழையதாகிவிட்டது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். இனி ஒவ்வொரு மழைக்கும் சேரும். ஐந்தாவதாக ஒன்றைத் தேடினேன், எளிமையானது, இலவசம், இறக்கவும் இலவசம். முழு டிஸ்க்கையும் ஒருமுறை எடுத்துவிட்டால், பிறகு மாறியதை மட்டும் தேடிச் சேர்த்துக்கொள்ளும். கிழமையும் நேரமும் சொல்லிவிட்டால் போதும். ஞாயிறு, காலை பத்து மணி என்று வைத்தேன்.

வேலை என்று எடுத்தால் முழுதாகச் செய்ய வேண்டும்.

அக்டோபர் 30, ஞாயிறு

பத்து மணிக்கு அது தானாக ஓடி முடிந்தது. பச்சை டிக் விழுந்தது. நான் கூடத்தில் பழைய பெட்டியின் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பனியனைச் சரிசெய்தார். எதையோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. ஆறு வருஷத்தில் அது தெரியும்.

"இனிமே எடுக்குறதையும் காப்பி எடுக்கணும்லா?"

"ஆமா. எடுக்கணும்."

"ஐப்பசி கார்த்திகை பூரா மழ இருக்கும்." நிறுத்தினார். "பெறவு ஆனில சாரல்."

"ம்."

"எனக்கு அந்தக் கருப்புத் திரையெல்லாம் ஓடாது நாயகி. ஒவ்வொரு மழைக்கும் ஒருக்க எடுக்கணும்னா…" தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருக்கணும்லா?"

கையில் வயர். அதை எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று மறந்துவிட்டது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும், அல்லது ஒரு வாரத்துக்கு மட்டும் உண்மையாக இருந்திருக்கும். அவர் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி. அன்று கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அவர் நிமிர்ந்தது கம்ப்யூட்டருக்குத்தான்.

கொஞ்சம் காத்திருந்தேன். இன்னொரு வாக்கியம் வரும் என்று.

"வேண்டாம்" என்றேன். "நேத்தே வச்சுட்டேன். ஞாயித்துக்கிழம தோறும் அதுவே எடுத்துக்கிடும். நீங்க டிஸ்க்க மட்டும் உருவாம வச்சிருங்க."

"தானாவா?"

"தானா."

தலையாட்டினார். எழுந்து புதுப் பெட்டியின் பக்கம் போய், அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகை என் பக்கம் காட்டியபடி நிற்கிறவரிடம் சொல்ல எனக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. நானும் சொல்லவில்லை. அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

அப்பாவுக்குப் போன் செய்து வண்டியை அனுப்பச் சொன்னேன். பிறகு கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்தேன்.